நான் பலகையில் சுற்றிய வயர்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. வாசிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பேனை பிடித்தது மீனவர் சங்கக் கூட்டத்தில் பெயர் எழுதவும் மகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் கையெழுத்து வைக்கவும்தான்.

எங்கள் ஊர் வாசிகசாலை ஒரு புத்தகம் போடப் போகிறது. ஊரில் உள்ளவர்கள் தங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். பலரும் சண்டைக் காலத்தையும் சுனாமியையும் எழுதியிருக்கிறார்கள். அவை என்னிடமும் இருக்கின்றன, ஆனால் அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது எங்கள் வீட்டு இன்டர்நெட் ஏன் கெட்டுப்போனது, அதற்கு யார் பொறுப்பு என்பதை. சின்ன விஷயம்தான். ஆனால் அதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீடு வாவிக்கரையில் இருக்கிறது. அமிர்தகழிக் கோவிலுக்குச் சைக்கிளில் பத்து நிமிடத்தில் போகலாம். காலையில் தோணியில் போய் வலை வீசுவேன். நீர் நல்லதென்றால் பின்னேரம் முகத்துவாரப் பக்கம் கொடுவா மீனுக்குத் தூண்டில் போடுவேன். வீட்டில் நான், மனைவி, மகள் மூன்று பேர். எனக்குப் பேச்சுக் குறைவு. "இந்த மனிசன் மீனோட கதைச்சுக் கதைச்சு ஆக்களோட கதைக்க மறந்திட்டார்" என்று மனைவி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். மீனோடும் நான் கதைப்பதில்லை.

மகள் படித்தவள். கொழும்பில் ஒரு வருடம் போடிங்கில் தங்கி ஒரு கோர்ஸ் செய்தாள். ஒரு அறையில் ஆறு பேர். இரண்டு தடவை டெங்குக் காய்ச்சல் வந்து, இரண்டாம் தடவை நான் போய்த்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்திருந்தாள். தோளில் பாரமே தெரியவில்லை. அதற்குப் பிறகு கொழும்பு என்ற பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

போன மார்கழியில் அவளுக்கு ஒரு கொழும்புக் கந்தோரில் வேலை கிடைத்தது. வீட்டில் இருந்தே செய்யலாம். வெளிநாட்டில் ஒரு கடையில் சாமான் வாங்கியவர்கள் முறைப்பாடு சொல்ல எடுப்பார்கள், இவள் காதில் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து இங்கிலீசில் பதில் சொல்ல வேண்டும். பகல் பன்னிரண்டில் இருந்து எட்டு மணி நேரம். முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள். பேச்சு நடுவில் எத்தனை தரம் அறுகிறது என்று அங்கே தானாகப் பதிவாகுமாம். வீட்டு லைன் சரியில்லை என்று முடிவானால் கொழும்புக்கு வந்து கந்தோரில் இருந்து வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. "லைன் மட்டும் நல்லா இருந்தாக் காணும் அப்பா. மற்றதெல்லாம் நான் பாத்துக்குவன்" என்றாள்.

தை மாதம் பைபர் லைன் போட இன்டர்நெட் கொம்பனியில் இருந்து ஒரு தம்பி வந்தார். முப்பது வயது வராது. ஏணியைத் தானே சுமந்து வந்து, றோட்டுக் கம்பத்தில் ஏறி, அங்கிருந்து கறுப்பு வயரை எங்கள் சுவர் வரைக்கும் இழுத்தார். வெளிச்சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதில் இருந்து மெல்லிய வெள்ளை வயர் யன்னல் வழியாக உள்ளே வந்து, விளக்குகள் மினுங்கும் இன்னொரு பெட்டியில் முடிந்தது. மிஞ்சின வெள்ளை வயரைச் சோற்றுக்கோப்பை அகலத்துக்கு வளையமாகச் சுற்றி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் கொழுவிவிட்டார்.

"இந்தப் பெட்டியில மட்டும் ஒருத்தரும் கை வைக்காதீங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டியில் நான் இன்றுவரை கை வைக்கவில்லை.

முதல் இரண்டு கிழமை லைன் ஆற்றுநீர் மாதிரி ஓடியது. மகள் சிரித்துக்கொண்டே வேலை செய்தாள். எனக்குத்தான் அந்த ஆணியில் தொங்கிய வளையத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தூண்டில் தொழில் செய்கிறவனுக்குக் கயிறு தளர்ந்து கிடந்தால் கண் உறுத்தும். தங்கூசி என்கிற நைலோன் நூலை நாங்கள் நாலு விரல் அகலமான பலகைத்துண்டில் சுற்றி வைப்போம். ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் அடுத்த சுற்று, இறுக்கமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல். தளர்வாகச் சுற்றினால் தோணியில் சிக்கிக்கொள்ளும், மீன் இழுக்கும்போது விரலை அறுக்கும். பத்து வயதில் தளர்வாகச் சுற்றியதற்காக அப்பாவிடம் துடுப்பால் அடி வாங்கியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மனைவியும் பட்டணத்துக்குப் போயிருந்தார்கள். நான் ஒரு புதுப் பலகைத்துண்டை எடுத்து, சீவி, மணல்தாள் போட்டுத் தேய்த்து, அந்த வெள்ளை வயர் முழுவதையும் அதில் இறுக்கிச் சுற்றினேன். கடைசியில் தங்கூசியால் வலைமுடிச்சுப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கி, அதே ஆணியில் கொழுவினேன். என் கைக்குத் தெரிந்த அளவில் நல்ல வேலை.

மகள் வந்து பார்த்தாள். "அப்பா, வடிவாயிருக்கு" என்றாள். என் வேலையை யாரும் அப்படி அழகென்று அடிக்கடி சொல்வதில்லை. அதனால் அந்தச் சொல் நினைவில் இருக்கிறது. அடுத்த நாள் மனைவி அந்த ஆணியிலேயே பிள்ளையார் படம் போட்ட கலண்டரை மாட்டினாள். பலகை மறைந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் லைன் கெடத் தொடங்கியது. ஒரேயடியாக நின்றிருந்தால் யாராவது யோசித்திருப்பார்கள். சில நாள் காலையில் நன்றாக ஓடும். வெயில் ஏறித் தகரம் கொதிக்கும் நேரத்தில் மகளின் பேச்சு நடுவில் அறும். பிறகு வரும், திரும்ப அறும். அவள் "ஹலோ, ஹலோ" என்று கத்துவது சமையலறை வரைக்கும் கேட்கும். இரவு எட்டு மணிக்குக் கதிரையை விட்டு எழும்பும்போது முகம் காய்ந்துபோயிருக்கும். "இண்டைக்கு ஒன்பது தரம்" என்பாள். இன்னொரு நாள் "பதினாலு" என்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் பிறகு என்பாள்.

கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தால், பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டோம். எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் வீட்டுக்குள்தான் ஏதோ பிரச்சினை என்றார்கள். மகள் கொம்பனியைத் திட்டினாள். மனைவிக்கு வேறு எண்ணம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் பாஸ்வேர்ட் தெரியும், அவர்கள்தான் லைனை உறிஞ்சுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். வேலியடியில் போய் நின்றாள்.

"ஏன்கா, உங்கட பிள்ளையள் முழு நாளும் படம் பாத்தா என்ட புள்ளைக்கு எப்பிடி லைன் வரும்?"

பக்கத்து வீட்டு அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தாமல் சொன்னா: "உங்கட லைன் ஓடினாத்தானேகா படம் பாக்கிறதுக்கு! எங்கட பிள்ளையளும் ரெண்டு கிழமையா அந்தச் சுத்துற வட்டத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்குதுகள். நல்ல லைனாப் போடுங்க, எங்களுக்கும் உதவும்."

மனைவி அதோடு அவவுடன் பேச்சை நிறுத்திவிட்டாள். பாஸ்வேர்டும் மாறியது. லைன் மாறவில்லை.

மாரியில் வெள்ளம் ஏறும்போது முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி வாவி நீரைக் கடலுக்கு விடுவதா இல்லையா என்று கூட்டம் வைப்பார்கள். வயல்வட்டையில் வேளாண்மை செய்கிறவர்கள் பயிர் தாழுது, வெட்டு என்பார்கள். நாங்கள் இறால் போய்விடும், பொறு என்போம். அதிகாரிகள் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்பார்கள். நான் அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்து எல்லாரும் கை நீட்டுகிற திசையைப் பார்ப்பேன். எங்கள் வீட்டிலும் அந்த நாட்களில் அதே மாதிரித்தான் இருந்தது. நான் கடைசி வரிசையில் இருந்தேன். ஒருவரும் என் பக்கம் கை நீட்டவில்லை. நானும் நீட்டவில்லை. அப்போது எனக்கு உண்மையாகவே தெரியாது.

பங்குனியில் அந்தத் தம்பி வந்தார். கம்பத்தில் ஏறி ஒரு கருவியை வைத்துப் பார்த்தார், சரி. வெளிச்சுவர்ப் பெட்டியில் பார்த்தார், அதுவும் சரி. உள்ளே வந்தபோது மகள் ஒரு ஆளோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் லைனும் ஓடியது.

"ஒரு நிமிசம் வயரைக் கழட்டிப் பாக்கட்டா தங்கச்சி?"

மகள் கையால் வேண்டாம் என்று காட்டினாள். கழற்றினால் அதுவும் ஒரு அறுதலாகப் பதிவாகும். அவர் கொஞ்ச நேரம் நின்றார். கலண்டருக்கு முன்னால்தான் நின்றார். பிறகு, பெட்டி அலுமாரிக்குப் பக்கத்தில் இருப்பதால் அலை தடைப்படலாம், அலுமாரியைத் தள்ளி வையுங்கள் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். இன்னும் மூன்று வீட்டுக்குப் போக வேண்டும் என்று போய்விட்டார். நானும் மனைவியும் அலுமாரியைத் தள்ளினோம். அதன் ஒரு கால் உடைந்தது.

அடுத்த நாள் பன்னிரண்டு தரம் அறுந்தது. மகள் கொம்பனிக்கு ஒரு முறைப்பாடு எழுதினாள். எனக்கும் வாசித்துக் காட்டினாள். வந்தவர் உள்ளே ஒன்றையும் பரிசோதிக்காமல், அலுமாரியைக் குறை சொல்லிவிட்டுப் போனார் என்று இருந்தது. கழற்ற விடாதது அதில் இல்லை. நான் அதைச் சொல்ல நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

மூன்று மாதம் முடிய ஒரு கிழமை இருந்தது. கந்தோரில் இருந்து ஒரு கடிதம் வந்தது. பழுது கொம்பனியின் லைனில் என்று கொம்பனியே எழுத்தில் தந்தால் அறுந்தவற்றைக் கணக்கில் எடுக்க மாட்டோம், வீட்டுக்குள் என்றால் சித்திரை முடிவதற்குள் கொழும்புக்கு வர வேண்டும். மகள் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, தன் பழைய பயணப் பையை எடுத்து வெயிலில் போட்டாள். பூஞ்சணம் பிடித்திருந்தது.

அந்தத் தம்பி இரண்டாம் முறை வந்தது ஒரு காலை நேரம். மகள் முற்றத்தில் மாமரத்தடியில் நின்று கைத்தொலைபேசியில் கந்தோருடன் பேசிக்கொண்டிருந்தாள். மனைவி தேத்தண்ணி வைக்கப் போயிருந்தாள். அறையில் நானும் அவரும்தான். அவர் இந்த முறை வயரைக் கழற்றி, அதன் நுனியில் பேனை மாதிரி ஒன்றை மாட்டி அமத்தினார். சிவப்பு வெளிச்சம் அடிக்கும் சாமான்.

கலண்டரின் ஓரத்தால் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அவர் கலண்டரைத் தூக்கினார். என் பலகையின் விளிம்பு நெடுக, வயர் மடிந்த இடம் ஒவ்வொன்றிலும் சிவப்பு. விடியமுதல் தோணியில் சுருட்டுப் பிடிக்கிறவன் இழுக்கும்போது அந்த நுனி தெரியுமே, அப்படி. நான் முடிச்சுப் போட்ட இடத்தில்தான் எல்லாவற்றையும்விடக் கூடச் சிவப்பு.

"இது ஆர் சுத்தின?"

அவர் முடிச்சைக் குனிந்து பார்த்தார்.

"வலை கட்டுற கைதான் இந்த முடிச்சைப் போடும். என்ன மாமா?"

"நீங்க பெட்டியில கை வைக்காதீங்க எண்டுதான் சொன்னீங்க" என்றேன். எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

அவர் சிரித்துவிட்டார். "ஓம். வயரைப் பற்றி நான் மூச்சு விடல்ல. அது என்ட பிழை. இதுக்குள்ள இருக்கிறது கண்ணாடி மாமா, தலைமயிர் மாதிரிக் கண்ணாடி. வெளிச்சம்தான் ஓடுது. இப்பிடி மடிச்சு இறுக்கினா வெளிச்சம் வழியில ஒழுகிடும். வெயில்ல இன்னும் இறுகும்." பிறகு பலகையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஆனா சுத்தினது பழுதில்ல. வாகரையில எங்கட அப்பாவும் இப்பிடித்தான் சுத்துவார். ஒரு சுத்து மேல ஏறிட்டா முழுக்க அவிட்டுத் திரும்பச் சுத்துவார்."

முடிச்சை வெட்டி, வயரை அவிழ்த்து, பழையபடி பெரிய வளையமாகக் கொழுவினார். மடிந்த இடம் ஒன்றை வெட்டிவிட்டுப் புது முனை போட்டார். கருவியில் இலக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாம் அரை மணித்தியாலம் இருக்காது.

மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். அதற்குள் அவர் பலகையைத் தன் பைக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்.

"தம்பி, இண்டைக்காவது சரியாக்கிப்போட்டுப் போங்க. வீட்டுக்குள்ள பிழை எண்டு எழுதினா புள்ளையக் கொழும்புக்கு எடுத்திருவாங்களாம். போன முறை போய் எலும்பும் தோலுமா வந்தவள்."

"சரியாகிட்டு மாமி" என்றார் அவர்.

மனைவி போன பிறகு அவர் தன் போனை எடுத்தார். வேலை முடிந்ததும் பழுதுக்குக் காரணம் என்று ஒன்றை அதில் தொட வேண்டும். விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். மாமரத்தடியில் மகள் தலையைக் குனிந்துகொண்டு, "யெஸ், யெஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேலியில் அந்தப் பை தொங்கியது.

"கம்பத்தடி ஜொயின்ட் எண்டு போடுறன்" என்றார். "ஜொயின்ட் போட்டவனும் நான்தான்."

அப்படிப் போட்டால் உங்களுக்கு ஒன்றும் வராதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கேட்டால் அவர் மாற்றி எழுதிவிடுவாரோ என்று பயந்தேன்.

"பலகையைத் தூண்டிலுக்கு வைச்சுக்கொள்ளுங்க மாமா" என்று என் கையில் தந்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே கொம்பனியில் இருந்து மகளுக்குச் செய்தி வந்தது. பழுது எங்கள் இணைப்பில், திருத்திவிட்டோம், வருந்துகிறோம் என்று. அவள் அதைக் கந்தோருக்கு அனுப்பினாள். சித்திரையில் அவளை வீட்டில் இருந்தே வேலை செய்ய நிரந்தரமாக்கினார்கள். மனைவி பாலும் பழமும் வைத்துச் சாமி கும்பிட்டாள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பாயாசம் போனது.

"பாத்தீங்களா அப்பா?" என்றாள் மகள். "அவன்ட பிழையை அவனே எழுதித் தந்திட்டான். நான் முறைப்பாடு போட்டிருக்காட்டி இதுவும் நடந்திராது."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பிறகு ஆடி அமாவாசை வந்தது. அப்பாவுக்காக நான் வருடம் தவறாமல் அமிர்தகழிக்குப் போய்த் தீர்த்தமாடுவேன். குளத்தில் கால் வைக்க இடமில்லாத சனம். முழுகி எழும்பினால் இரண்டு பேருக்கு அப்பால் அந்தத் தம்பி, ஈர வேட்டியோடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்கும் அப்பா இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

படியேறி வந்த பிறகு அவர்தான் என்னைக் கண்டார். "மாமா! பலகை எப்பிடி?"

"இருக்கு" என்றேன். "தம்பிக்கு இப்ப எங்க வேலை? நம்மட பக்கம் காணக் கிடைக்கல்ல."

"இப்ப வாழைச்சேனைக்கு அங்கால, வாகரை றோட்டு முழுக்க நான்தான். ஒரு வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் நடுவில ஒரு காடு." சிரித்தார். நான் கேட்காமலே மற்றதையும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கும் சித்திரையிலதான் நிரந்தரமாக்க இருந்தது மாமா. ஒரே வீட்டுக்கு ரெண்டு தரம் போனது, ஒரு முறைப்பாடு, பிறகு நான் போட்ட ஜொயின்ட்டே பழுது எண்டு நானே எழுதினது. மூண்டும் சேந்து வந்திட்டு. அடுத்த வருசம் பாப்பம் எண்டுட்டாங்க."

"நான் சொல்லியிருக்கணும்" என்றேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ தெரியாது.

"தங்கச்சி வீட்டிலதானே இருக்கா?"

"ஓம்."

"அப்ப சரி" என்றார். அவருடைய அம்மா செருப்பைத் தேடிக்கொண்டு நின்றா. அவர் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர் வயரைப் பற்றிச் சொல்லாமல் போனார். மகள் கழற்ற விடவில்லை. மனைவி கலண்டரை மாட்டினாள். கொம்பனி போனிலேயே எல்லாம் சரி என்றது. இப்படிப் பிரித்துப் பார்த்தால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வரும். ஆனால் பலகையில் சுற்றியது நான். தெரியாமல் சுற்றினேன். தெரிந்த பிறகு பேசாமல் இருந்ததும் நான். எல்லாருடைய பங்கையும் அந்தத் தம்பி ஒருவர்தான் சுமக்கிறார்.

இதை ஏன் புத்தகத்துக்கு எழுதுகிறேன் என்றால், வாசிகசாலைக்கு வரும் கொப்பிகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்து, பிழை திருத்திக் கொடுப்பது என் மகள். என் எழுத்தை வாசிக்க அவளுக்கு நேரம் எடுக்கும். ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்க வேண்டி வரும். அவளுக்கு முன்னால் நின்று என்னால் சொல்ல முடியாததை அவள் அப்படி வாசிக்கட்டும்.

மகள், நீ எழுதின முறைப்பாட்டைத் திருப்பி எடு. பழுது எங்கள் வீட்டுக்குள், அப்பா செய்தது என்று கொம்பனிக்கு எழுது. அதை எழுதினால் உன் கந்தோருக்கும் தெரியவரலாம். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு நாள் எடுத்தது. கந்தோருக்கு என்ன சொல்வது என்பதை நீ யோசித்து முடிவெடு. கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்று வந்தால் நானும் வருகிறேன். அங்கேயும் மீன் சந்தை இருக்கும், எனக்கு ஒரு வேலை கிடைக்கும்.

நாளைக்குக் காலையில் இந்தக் கொப்பியை உன் மேசையில் வைப்பேன். மேலே அந்தப் பலகையை வைப்பேன். நாளைக்கு நான் தோணி எடுக்கவில்லை. வாசலில் இருப்பேன்.

ஆவணி மாதம் ஏழாம் திகதி, வியாழக்கிழமை.